இரண்டு கதவு வண்டி விற்பனைக்கு

முதலில் ஒரு தவறான கருத்தைத் திருத்திவிடுகிறேன், தம்பி. மற்றதைப் பிறகு பேசலாம். இரண்டு கதவுக் காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும் என்று இந்த நாட்டில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. இதோ ஆர்.சி. புத்தகம். இருக்கை: ஓட்டுநர் உட்பட நான்கு. அரசாங்கமே முத்திரை போட்டுச் சொல்கிறது. பின் இருக்கையில் உட்கார முடியாது என்று சொல்கிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்க்காதவர்கள். உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதே இல்லை. எழுந்திருக்க முடியவில்லை என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குற்றச்சாட்டு. சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் வண்டியின் கையேடு இருக்கிறது. இதில் உட்காருங்கள். கரூரிலிருந்து கும்பகோணம் வரைக்கும் ஒரு வண்டியைப் பார்ப்பதற்காக வாடகைக் கார் வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், வெயிலில். ஞானாம்பா, தம்பிக்குக் காப்பி! என் மனைவி. காப்பி வரும். கொஞ்சம் தாமதமாக வரும். முதலில் வந்தவருக்குக் காப்பியோடு முறுக்கும் ரவாலாடும் வந்தது. நீங்கள் ஐந்தாவது ஆள்.

ஓட்டிப் பார்த்தீர்கள், பிடித்துவிட்டது. முகத்திலேயே தெரிகிறது. எல்லாருக்கும் பிடிக்கும். முகப்பில் இருக்கிற கம்பெனி முத்திரையில் ஏன் இவ்வளவு கீறல் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. மற்ற நான்கு பேரில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. நானாகத்தான் கூப்பிட்டுக் காட்டினேன். நான் முப்பத்தொரு வருஷம் கல்லூரி நூலகராக இருந்தவன், தம்பி. நாற்பதாம் பக்கம் கிழிந்த புத்தகத்தை, நாற்பதாம் பக்கம் கிழிந்திருக்கிறது என்று சொல்லாமல் யார் கையிலும் கொடுத்தது கிடையாது. சொன்ன பிறகு பாதிப் பேர் எடுத்துக்கொண்டு போனதில்லை என்பது வேறு விஷயம்.

விற்கிற அவசரம் எனக்குத்தான். அதையும் மறைக்கப் போவதில்லை. என் மகள் தமயந்திக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம். டாக்டர் கொடுத்த தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததில்லை. ஞானாம்பாள் உள் அறைக்கு வெள்ளையடித்து, கட்டிலைக் காற்று வரும் பக்கம் திருப்பிப் போட்டு, ஒன்றரை மாதமாகக் காத்துக்கொண்டிருக்கிறாள். பெண்ணோ திருச்சியில், உறையூரில், மாமியார் வீட்டில் இருக்கிறாள். "அந்த வண்டி நம்ம வீட்டு வாசல்ல நிக்கிற வரைக்கும் நான் அங்க வரமாட்டேம்பா" என்று சொல்லிவிட்டாள். வண்டி வாசலில் நிற்பதில்லை, ஷெட்டில்தான் நிற்கிறது என்று நான் திருத்தினேன். ஃபோனை வைத்துவிட்டாள்.

ஆக, வண்டி போனால் பெண் வருவாள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் கீறல் கதையைச் சொல்லாமல் கொடுத்தால் அது மோசடி.

ஓய்வு பெற்றதும் சின்னதாக ஒரு வண்டி வாங்கலாம் என்றுதான் நானும் கிளம்பினேன். புது வண்டி, நாலு கதவு, வெள்ளை நிறம், ஊரில் எல்லாரும் வைத்திருப்பது. என் மைத்துனன் கலியபெருமாள் சென்னையில் பழைய கார் விற்கும் இடம் ஒன்று இருக்கிறது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போனான். அங்கே ஒரு மூலையில் இது நின்றது. பதினோரு வருஷம் ஓடிய ஐரோப்பிய வண்டி. புதிதாக வந்தபோது அறுபத்தெட்டு லட்சம். இப்போது ஒன்பது. நான் வாங்க நினைத்த வெள்ளை டப்பாவும் ஒன்பது. கலியபெருமாளே பயந்துவிட்டான்.

"அத்தான், இது யானை. யானை விலை கொறைஞ்சு கெடைக்குதுங்கறதுக்காக அது தின்கிறது கொறையாது."

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் கலியபெருமாள்."

"ரெண்டாவது ஆயிரம் பொன் பொதைக்கிற செலவு அத்தான்."

பழமொழிக்கு அப்படிப் பொருள் கிடையாது என்று அங்கேயே அவனுக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டான்.

என்னை விழவைத்தது விலையல்ல, தம்பி. கதவைத் திறந்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், கைப்பிடியைத் தொட்டதும் கண்ணாடி ஒரு விரற்கடை கீழே இறங்கும். கதவைச் சாத்தினால் மறுபடி ஏறிக்கொள்ளும். கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது, அதனால் அப்படி. முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு அவ்வளவு மரியாதை செய்த ஒரு கதவை நான் பார்த்ததில்லை. அப்புறம் முன் இருக்கைக்கு எதிரே இருக்கிற சின்னப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கையேடு. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை! மூன்று சொந்தக்காரர்கள், பதினோரு வருஷம், ஒருவன்கூடப் படிக்கவில்லை. நான் கார் வாங்கவில்லை தம்பி. ஒரு புத்தகம் வாங்கினேன். கூடவே ஒரு கார் வந்தது.

படித்தேன். இரண்டு தடவை. பொருளடைவு சரியில்லை என்று நானே ஒன்று தயாரித்துப் பின்னால் சேர்த்துத் தைத்திருக்கிறேன், அகர வரிசையில், தமிழில். பார்க்கிறீர்களா? அப்புறம் பாருங்கள், சரி.

முதல் மாதம் ஒன்றும் இல்லை. இரண்டாவது மாதம் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் வண்டி உட்கார்ந்திருக்கிறது. டயரில் காற்று இருக்கிறது, ஆனால் உடம்பு தரையோடு தரையாக. மற்ற வண்டிகளுக்கு இரும்புச் சுருள். இதற்குக் காற்றுப் பை. பை கிழிந்தால் வண்டி உட்கார்ந்துவிடும். ஞானாம்பாள் கோலம் போட வந்தவள் பார்த்துவிட்டு, "ஏங்க, அதுக்கு ஒடம்பு சரியில்லபோல" என்றாள். ஒரு பைக்கு ஆன செலவில் அவளுக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கியிருக்கலாம் என்று அவளே கணக்குச் சொன்னாள். பை நான்கு. பிறகு சாவி. ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். அது தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அதற்கும் வளையல் கணக்குத்தான். இப்படி இரண்டு கைக்கும் முழங்கை வரைக்கும் அவளுக்கு வளையல் ஏறிவிட்டது, பேச்சில்.

ஆனால் இதெல்லாம் பிழை இல்லை, தம்பி. இவை தேய்மானம். தேய்மானம் வேறு, பிழை வேறு. பிழை வந்தது ஆயுத பூஜைக்குப் பிறகு.

எனக்கு அந்தப் பண்டிகையில் பக்தி என்று பெரிதாக இல்லை. உழைக்கிற பொருளுக்கு நன்றி சொல்கிறோம், நல்ல வழக்கம், அவ்வளவுதான். ஆனால் செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஞானாம்பாள் வருஷா வருஷம் வைக்கிற பொட்டைப் பார்த்திருக்கிறேன். சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்து ஒரு விரலால் இழுத்துவிடுவாள். கோணலாக இருக்கும். இரண்டு நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். இவ்வளவு பெரிய வண்டிக்கு அது அவமானம். நானே செய்தேன். ஸ்கேல் வைத்து அளந்து, முகப்பு முத்திரையின் நட்டநடுவில், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம். உதிராமல் இருப்பதற்கு ஒரு உத்தி. நூலகத்தில் புத்தக முதுகில் எண் சீட்டு ஒட்டுவதற்குக் கருவேலம்பிசினைக் காய்ச்சிக் கோந்து செய்வோம். அதில் ஒரு கரண்டி கலந்தேன். எண்பத்தொன்பதில் நான் ஒட்டிய சீட்டுகள் இன்றும் அசையாமல் இருக்கின்றன. தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். "பொட்டுன்னா இது பொட்டு" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். அதுவரைக்கும் வண்டி நன்றாகத்தான் நகர்ந்தது, பின்பக்கமாக எடுத்ததால். மறுநாள் விஜயதசமி. ஞானாம்பாளை ஏற்றிக்கொண்டு தாராசுரம் பக்கம் போனேன். நாற்பதைத் தாண்டியதும் வண்டி தானாகப் பிரேக் போட்டது. சாதாரணப் பிரேக் இல்லை, எதிரே குழந்தை ஓடி வந்ததுபோல. வேகம் காட்டும் முள்பலகையில் சிவப்பு எழுத்து: முன்னால் தடை. பார்த்தால் சாலையில் ஓர் ஆடுகூட இல்லை.

"எதிர ஒண்ணுமே இல்லீங்களே" என்றாள்.

"உனக்குத் தெரியவில்லை. அதற்குத் தெரிகிறது."

"அதுக்கு ஏதுங்க கண்ணு?"

இருக்கிறது. அந்த முத்திரைக்குப் பின்னால்தான் இருக்கிறது. முன்னால் போகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு சாதனம். ஏதாவது குறுக்கே வந்தால், நாம் தூங்கினாலும் அது பிரேக் போடும். இருநூற்று எண்பத்தேழாம் பக்கம். அதை நான் அவளுக்கு அங்கேயே, நடுச்சாலையில், படித்துக் காட்டி மொழிபெயர்த்தும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அதுக்குக் கண்ண மறைக்குதோ என்னவோ" என்றாள். பனி, சேறு, பூச்சி ஆகியவை மறைக்கலாம் என்று கையேடு பட்டியல் கொடுக்கிறது. நான் இறங்கிப்போய்ப் பார்த்தேன். பனி இல்லை. சேறு இல்லை. பூச்சியும் இல்லை. பளிச்சென்று இருந்தது, பொட்டோடு. அவளிடம் போய், பட்டியலில் உள்ள எதுவும் இல்லை என்று சொன்னேன்.

திருச்சியில் சவரிமுத்து என்று ஒரு மெக்கானிக். இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே பட்டறை வைத்திருப்பவர். தங்கமான மனிதர். வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பினேன். அவர் முன்பக்கம் முழுவதையும் கழற்றி, அந்தச் சாதனத்தை மாற்றினார். வெளிநாட்டிலிருந்து வர நாற்பது நாள் ஆயிற்று. பட்டறையில் பெயின்ட் தூசி படக்கூடாது என்று என் பொட்டின் மேல் செய்தித்தாளை வெட்டி ஒட்டி வைத்திருந்தார். நான் போய்ப் பார்த்தபோது அதைத் தூக்கிக் காட்டினார். "பொட்ட நான் தொடல சார். சாமி விஷயம். எங்க பையன்கள்ட்டயும் சொல்லிட்டேன், கை படக்கூடாதுன்னு." அவர் வேறு மதத்துக்காரர், தம்பி. அந்தப் பண்பு இந்தக் காலத்தில் யாரிடம் இருக்கிறது? கழற்றின பாகத்தையெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார். அந்த முத்திரையை மட்டும் ஈரத் துணி படாமல் தனியாக எடுத்துவைத்து, திரும்ப மாட்டியிருக்கிறார்.

புதுச் சாதனமும் அதையே சொன்னது. முன்னால் தடை.

பிறகு கணினிப் பெட்டியை மாற்றினார். மாற்றியதும் இரண்டு வாரம் நன்றாக ஓடியது. உண்மையில், எப்போதாவதுதான் பிரேக் போட்டது. தை பிறந்தது. தமயந்திக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. நாங்கள் உறையூர் போய்ச் செய்துவிட்டுப் பெண்ணை அழைத்து வர வேண்டும். கலியபெருமாள் வேன் வைக்கலாம் என்றான். ஞானாம்பாளும் வேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். சம்பந்தி வீட்டு வாசலில் வாடகை வேனில் போய் இறங்குவதா, வீட்டில் இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு? சீர்த் தட்டையெல்லாம் கலியபெருமாள் வேனில் கொண்டு போனான். நான் இதில் போனேன். போகும்போது ஒரு தடவைகூடப் பிரேக் போடவில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. வலது கையில் இருபத்தொன்று, இடது கையில் இருபது. கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். எதிர்வீட்டுப் பெண்மணி ஒருத்தி வந்து வண்டியின் பொட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். சம்பந்தி அம்மாள், பெயர் கோமளவல்லி, வாசல் வரைக்கும் வந்து, "பாத்து ஓட்டுங்க சம்பந்தி, ரெண்டு உசுரு" என்றார்கள். வண்டியில் எத்தனை பாதுகாப்பு வசதி இருக்கிறது என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் நேரமாயிற்று. அதற்குள் ராகுகாலம் வந்துவிடும் என்று ஞானாம்பாள் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். அவள் பின் இருக்கையில் இருந்தாள். பெண் முன் இருக்கையில்.

அய்யம்பேட்டை தாண்டி, பாபநாசத்துக்கு முன்னால். அறுபதில் போய்க்கொண்டிருக்கிறேன். போட்டது பாருங்கள் பிரேக்! நான் போடவில்லை. அது போட்டது. தமயந்தி முன்னால் போய்க் கையை ஊன்றினாள். பெல்ட் பிடித்துக்கொண்டது. கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டு வண்டிக் கண்ணாடி என்று நினைத்துவிட்டேன். வளையல்.

வயிற்றுக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். மறுநாளே ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் தெரியாதல்லவா? பெண் அப்படியே கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ரத்தம் லேசாக. ஞானாம்பாள் பின்னாலிருந்து கத்துகிறாள், "கதவத் தொறங்க, நான் எறங்கணும், கதவத் தொறங்க." பின்னாலிருந்து இறங்க வேண்டுமானால் முன் இருக்கை நகர வேண்டும். அது மோட்டாரில் மெதுவாக நகரும். இருபத்திரண்டு வினாடி. அதையும் சொன்னேன், பொறு, இருபத்திரண்டு வினாடி என்று. அன்றைக்கு அதுவும் நடுவில் நின்றுவிட்டது. பொரி வியாபாரி ஒருத்தர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, அவள் இரண்டு கையையும் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்.

அம்மாவும் பெண்ணும் சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்கள். வளைகாப்பு வளையல் பிரசவம் வரைக்கும் கையில் இருக்க வேண்டும் என்பது ஐதீகம். நான் போய் எண்ணிப் பார்த்தேன். வலது கையில் இருபத்தொன்றில் நான்குதான் உடைந்திருந்தது. "பதினேழு இருக்கிறது, பதினேழும் ஒற்றைப்படைதான், ஒன்றும் குறையில்லை" என்று ஆறுதல் சொன்னேன். தமயந்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதில் அவளுக்கு நான் கதை படித்துக் காட்டும்போது நடுவில் உச்சரிப்பைத் திருத்துவேன், அப்போது ஒரு பார்வை பார்ப்பாள். அது போல இருந்தது. ஆனால் அது இல்லை.

மாப்பிள்ளை பிரசன்னாவுக்கு ஃபோன் போட்டாள். ஒன்றரை மணி நேரத்தில் வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "மாமா, அவளை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார், அவ்வளவுதான். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குக் கிளம்பிய பெண் பாதி வழியில் மாமியார் வீட்டுக்கே திரும்பினாள். ஞானாம்பாள் மாப்பிள்ளை காரின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். அன்று இரவே கோமளவல்லி அம்மாள் ஃபோன் செய்து, "பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம் சம்பந்தி, நீங்க வண்டியப் பாத்துக்கங்க" என்றார்கள். அதில் குத்தல் இருந்ததாக ஞானாம்பாள் சொல்கிறாள். நான் சொற்களை மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

இதோ காப்பி. எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தீர்களா, என்ன சொல்கிறாள்: "வாங்கிக்கங்க தம்பி. வண்டி இப்ப நல்லா ஓடுது. தைரியமா எடுங்க." நன்றாகத்தான் ஓடுகிறது. அதைத்தான் சொல்ல வந்தேன், அங்கேதான் கீறல் வருகிறது. நீ போ ஞானாம்பா, நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி மறுபடி லாரியில் ஏறித் திருச்சி போனது. சவரிமுத்து முன்பக்க வயர் முழுவதையும் மாற்றினார். மாற்றிய பிறகும் பட்டறை வாசலிலேயே பிரேக் போட்டது. மனிதர் உட்கார்ந்துவிட்டார். "சார், முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இதுக்கு என்ன தெரியுதுன்னு எனக்குத் தெரியல" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஷெட்டில் போட்டேன். விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. விற்கிற பொருளைக் கழுவித்தானே காட்ட வேண்டும்? நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது ஞானாம்பாள் ஒரு வாளி வெந்நீரும் புளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போயிருக்கிறாள். பித்தளை அண்டா தேய்க்கிற மாதிரி அந்த முத்திரையைத் தேய்த்திருக்கிறாள். ஒரு மணி நேரமாம். கோந்து கலந்த சந்தனம், சும்மா வந்துவிடுமா? பொட்டும் போயிற்று, பளபளப்பும் போயிற்று. நீங்கள் பார்த்த கீறல் அதுதான். குங்குமத்தை அழிக்கலாமா, அதுவாக உதிரும்வரை விட வேண்டாமா என்று நான் கேட்டால், "ஒங்க பொட்டு என் பேத்தி கல்யாணத்துக்கும் உதிராது" என்கிறாள். பேத்தி என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் வண்டியை எடுத்தேன். பிரேக் போடவில்லை. அதற்கு அடுத்த நாளும் போடவில்லை. இன்றோடு முப்பத்தாறு நாள். ஒரு தடவைகூடப் போடவில்லை.

சிரிக்கிறீர்கள். ஞானாம்பாள் மாதிரியே நீங்களும் யோசிக்கிறீர்கள் என்று தெரிகிறது. "பொட்ட அழிச்சதும் ஓடுதுங்க" என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைதான் பழத்தைத் தள்ளியது என்று ஆகிவிடுமா? ஒன்றன் பின் ஒன்றாக நடந்தது என்பதற்காக ஒன்றால் ஒன்று நடந்தது என்று சொல்லக் கூடாது. புது வயர் போட்டால் கணினி அதைப் பழகிக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆகும். இருநூற்றுத் தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில் அந்தப் பொருள்படும்படி ஒரு வரி இருக்கிறது. சவரிமுத்துவுக்கு ஃபோன் செய்து, உங்கள் வயர் வேலை செய்துவிட்டது என்று வாழ்த்துச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மெதுவாக, "சார், பொட்டு இருக்கா சார்?" என்றார். இல்லை, என் மனைவி அழித்துவிட்டாள் என்றேன். பிறகு, "பாக்கி பணம் தரவேணாம் சார், விட்டுடுங்க" என்றார். நல்ல மனிதர். ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆக, குறை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதைக் கேட்ட பிறகு முதல் ஆள் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இரண்டாவது ஆள் கேட்டு முடிக்கவே இல்லை. மூன்றாவது ஆள் வாங்கத்தான் இருந்தார், ஆனால் பின் இருக்கையில் நாயை உட்கார வைப்பேன் என்றார். தோல் இருக்கை. நூற்று முப்பத்து மூன்றாம் பக்கம். கொடுக்கவில்லை. நான்காவது ஆள் நீல நிறத்தைச் சிவப்பாக மாற்றுவேன் என்றார். அவரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஞானாம்பாள் முறுக்குத் தட்டை வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? கேட்ட விலையே கொடுக்கிறீர்களா? ஏழு லட்சம்? பேரம்கூடப் பேசாமல்? இன்றைக்கே எடுத்துக்கொண்டு போகிறீர்களா? நல்லது. ரொம்ப நல்லது. ஞானாம்பா, தம்பி எடுத்துக்கொள்கிறாராம்! இருங்கள், பத்திரம் எல்லாம் இந்த உறையில் இருக்கிறது. இது இன்சூரன்ஸ். இது ஆர்.சி. இது புதிதாகச் செய்த சாவி. கையேட்டைப் பாருங்கள், முதல் நூறு பக்கத்தை இந்த வாரத்துக்குள் படித்துவிடுங்கள். பச்சை மையில் கோடு போட்டது முக்கியம், சிவப்பு மை மிக முக்கியம்.

என்ன?

கையேடு வேண்டாமா? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றா சொன்னீர்கள்? ஃபோனில் வீடியோ பார்த்துக்கொள்வீர்களா?

இல்லை, தம்பி, மரியாதைக்காகச் சொல்கிறீர்கள், எனக்குப் பிரியமான புத்தகம் என்று விட்டுக்கொடுக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அது அப்படியில்லை. வண்டியையும் இதையும் பிரிக்கக் கூடாது. எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைக்கிறேன் என்கிறீர்கள். அதைத்தான் முன்னால் மூன்று பேர் பதினோரு வருஷம் செய்தார்கள். படிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொய் சொல்லத் தெரியாத ஆளாக இருக்கிறீர்கள், அது நல்ல குணம். ஆனால் என்னால் கொடுக்க முடியாது. கோபம் இல்லை. பணத்தை உள்ளே வையுங்கள். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, படிக்கிற ஆள் ஒருத்தர் வராமலா போய்விடுவார்?

ஞானாம்பா, நீ என்ன பையோடு நிற்கிறாய்?

உங்களிடம்தான் கேட்கிறாள். "தம்பி, நீங்க கரூருக்குத் திருச்சி வழியாத்தான போவீங்க?" வழிதான் என்கிறீர்கள். "உறையூர்ல என்ன எறக்கி விட்டுடறீங்களா? ஒங்களுக்குச் சிரமம் இல்லன்னா." சிரமமில்லை என்கிறீர்கள். அந்தப் பையில் பிரசவ லேகியம் இருக்கிறது. போன வாரமே கிளறி வைத்துவிட்டாள். மேலே மடித்து வைத்திருப்பது என் பழைய வேட்டிகள். குழந்தைக்குத் துணி வேண்டுமென்று சதுரம் சதுரமாகக் கிழித்திருக்கிறாள். மெத்தென்று இருக்கும், பல வருஷம் துவைத்தது. எப்போது கிழித்தாள் என்று தெரியவில்லை.

சரி, நேரமாகிறது, கிளம்புங்கள். கையை ஆட்டி ஏதோ சொல்கிறாள். அடுப்பில் பால் இருக்கிறதாம், பொங்குவதற்குள் நான்தான் போய் இறக்க வேண்டுமாம்.